எண் எதற்குச் சாட்சி?

எண்களைப் பற்றி எழுத்தாளர்களிடையே சுலபமான ஓர் இகழ்ச்சி உண்டு. மனிதனை எண்ணாக்குவது அவனைக் கொல்வது என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. எதிர்த் தரப்புக்கோ எண் வந்துவிட்டால் விவாதம் முடிந்தது. இரண்டுமே யோசனையைத் தவிர்க்கும் உபாயங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எண் ஒரு சாட்சி. சாட்சியை நம்புவதா வேண்டாமா என்பதற்கு முன்னால், அது எதைப் பார்த்தது, அதனிடம் என்ன கேட்கப்பட்டது என்று தெரிய வேண்டும். பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. பக்கத்திலேயே நடந்த ஒரு காரியத்தை வைத்துப் பார்க்கலாம்.

நான் வசிக்கும் சிந்தாதிரிப்பேட்டையை வளைத்துக்கொண்டு ஓடும் கூவத்தின் கரையோடு எதிரோட்டமாகப் போனால், எழும்பூரைத் தாண்டிச் சேத்துப்பட்டு வரும். 1956இல் அங்கே க்ஷயரோக மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து ஏற்படுத்தியது. அதுவரை க்ஷயம் என்றால் சானடோரியம்: படுக்கை, ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. படுக்கைகளோ மிகச் சொற்பம். மருந்து வந்துவிட்ட பிறகு சானடோரியம் அவசியந்தானா, நெருக்கடியான வீட்டில் அரைவயிற்றுச் சோற்றோடு இருப்பவனும் குணமாவானா என்பதுதான் கேள்வி.

193 நோயாளிகள், பெரும்பாலும் நகரத்து ஏழைகள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவதற்கு ஒப்பான ஒரு முறை தீர்மானித்தது. இது குரூரமாகப் படலாம். ஆனால் டாக்டரின் கை தேர்ந்தெடுத்திருந்தால், தேறக்கூடியவர்கள் ஒரு பக்கமும் தேறாதவர்கள் மறுபக்கமும் சேர்ந்துபோயிருக்கக்கூடும். உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டில் ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்களே, அதற்கும் இதே காரணந்தான் இருந்திருக்க வேண்டும். தன் கையைத் தானே சந்தேகிப்பவர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு. அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

1959இல் முடிவு வெளியாயிற்று. ஒரு வருஷச் சிகிச்சைக்குப் பின் சளியில் கிருமி நீங்கி நோய் அடங்கியவர்கள் வீட்டில் நூற்றுக்கு 86, சானடோரியத்தில் 92. இந்த ஆறைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு சிறிய கூட்டத்தில் இது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் என்று புள்ளியியல் சொல்லும். வித்தியாசம் நிரூபணமாகவில்லை என்பதும் வித்தியாசமே இல்லை என்பதும் வேறு வேறு. முதலாவது கணக்கு. அங்கிருந்து, வீட்டிலேயே சிகிச்சை தரலாம் என்று போவது ஒரு முடிவு. படுக்கை கிடைக்காத பெருங்கூட்டத்தை மனத்தில் வைத்து மனிதர்கள் எடுத்த முடிவு. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். உடன் வசித்தவர்களை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோதும், வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் காலியானதில் இந்தச் சேத்துப்பட்டுக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

வீட்டில் இருப்பவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று அறிய, சொல்லாமல் போய் மிச்சத்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். மருந்தைக் கண்ணெதிரில் விழுங்க வைக்கும் முறை பின்னால் இந்த மையத்தில்தான் வளர்ந்தது. 1990களில் உலக சுகாதார ஸ்தாபனம் அதை நாடுதோறும் கொண்டுபோயிற்று. ஏழை தன் வீட்டிலேயே குணமாவான் என்று காட்டிய அதே அளவைதான், ஏழையைக் காவலில்லாமல் விட முடியாது என்று சொல்லவும் இடம் கொடுத்தது. எத்தனை மிச்சம் என்று எண் சொல்லும். ஏன் மிச்சம் என்பதை வாயைத் திறந்து அவனிடம்தான் கேட்க வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது சோற்றின் கதை. அதே நோயாளிகளின் உணவும் எடையும் குறிக்கப்பட்டிருந்தன. 1961இல் வந்த அறிக்கையின்படி, சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம் கூடினார்கள். ஆனால் நோய் அடங்குவதில் அந்த அளவுக்கு முந்திவிடவில்லை. தராசு ஒன்று சொன்னது, மைக்ராஸ்கோப் வேறொன்று சொன்னது. மருந்து சரியாக இருந்தால் உணவுக் குறைவு குணத்தைத் தடுக்கவில்லை என்பது முடிவு. சோறில்லை என்பதற்காக எவனுக்கும் சிகிச்சையை மறுக்க வேண்டாம் என்ற அளவில் இது பெரிய விடுதலை. ஆனால் அதற்குப் பின் திட்டங்களில் சோறு பல்லாண்டுகள் மருந்துக்கு வெகு பின்னால் நின்றது. பசித்த வீட்டில் அடுத்துப் படுக்கப்போவது யார் என்பது அந்தச் சாட்சியிடம் கேட்கப்படாத கேள்வி. அதற்கும் பழைய பதிலே போதும் என்று இருந்துவிடுவது சௌகரியமாக இருந்தது. வங்கியில் பேரேடு எழுதுகிறவனுக்கு இது தெரியும்: பற்று, வரவு இரண்டிலும் விட்டுப்போன பதிவை எந்தக் கூட்டலும் காட்டிக்கொடுக்காது. கணக்கு நேராகவே இருக்கும்.

அந்தக் கேள்வி கேட்கப்பட்டது 2019இல், ஜார்க்கண்டில். பழைய மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கேற்றது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுக்கப்பட்டது. வீட்டாரில் ஒரு பகுதிக்கு மட்டும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும். 2023இல் முடிவு வெளிவந்தது: உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது.

பசித்தவனுக்கு அரிசி நல்லது என்று நிரூபிக்க, இன்னொரு பகுதி வீட்டாருக்கு அரிசி கொடுக்காமல் இருக்க வேண்டியிருந்தது. இந்த வாக்கியத்தை எளிதில் தாண்டிப்போக என்னால் முடியவில்லை. ஆராய்ச்சியாளர்கள்மேல் குற்றம் சுமத்தவும் மனம் வரவில்லை. அவர்கள் போயிராவிட்டால் இரு பகுதிக்குமே அந்த அரிசி போயிருக்காது. ஒப்பிட்டுப் பார்க்காமல் அவர்கள் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்கப்போவதுமில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, எண்ணாக வந்தால்தான் செல்லும் என்ற நிலையை உண்டாக்கி வைத்திருக்கும் சமூகத்தின் கேள்வி இது. எண்ணைப் பழித்து அந்த நிலையை மாற்ற முடியாது. எதை எண்ணுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் போய் நின்று கேட்டால்தான் உண்டு. பசியைப் படிமமாக்கியே பழகிவிட்ட எழுத்துக்கு அந்த இடம் அந்நியமாக இருக்கலாம். ஆனால் சோறு எண்ணப்படுமா விடப்படுமா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

அந்த 39, அரிசி கிடைத்தவர்களால் மட்டும் வந்த எண்ணன்று. கிடைக்காமல் படுத்தவர்களும் சேர்ந்துதான் அதை நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க இனி யாருக்கும் உரிமையில்லை.