பிறக்காத கன்று

சென்ற மாசியில் தம்பி வீட்டுப் பசுவுக்குச் சினை ஊசி போட வந்தவர் இரண்டு வகைக் குச்சிகளைப் பற்றிச் சொன்னார். ஒன்று வழக்கமானது, கிடேரியோ காளையோ, விழுந்தது விழுந்தபடி. மற்றது நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரியே தரும். தம்பி மனைவி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "கிடேரிக் குச்சியையே போடுங்கண்ணே. காளைக் கன்ன வச்சுப் பாவத்தச் சம்பாதிக்க முடியாது" என்றாள். அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

அவள் எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். நான் பார்த்து வளர்ந்தது அது. ஜெர்ஸிக் கலப்பும் டிராக்டரும் வந்தபின், ஏருக்கும் வண்டிக்கும் ஆகாத காளைக் கன்று வீட்டில் வெறும் ஒரு வாய். யாரும் அதைக் கொல்வதில்லை. மடி சுரக்க ஒரு முட்டு முட்டவிட்டு உடனே இழுத்துக் கட்டிவிடுவார்கள். மீதியைப் பட்டினி பார்த்துக்கொள்ளும். செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார் என் அம்மா. பசு அதை நக்கும், பால் இறங்கும். அந்தப் பாலைக் குடித்துத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

இப்போதைய ஏற்பாடு இந்தக் கன்றைப் பிறக்கவே விடாது. எக்ஸ் குரோமோசோம் கொண்ட காளை விந்தணுவில், ஒய் கொண்டதைவிட டி.என்.ஏ. சுமார் 3.8 சதவீதம் அதிகம். சாயமேற்றி லேசர் ஒளியின் குறுக்கே ஒவ்வொன்றாக ஓடவிட்டால் எக்ஸ் சற்றுக் கூடுதலாக ஒளிரும். அதைத் தனியே பிரித்துவிடலாம். அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் லாரன்ஸ் ஜான்ஸனும் சகாக்களும் 1989இல் முயல்களிடம் இதைச் செய்து காட்டினார்கள். 2024இல் இந்தியாவின் சொந்தத் தொழில்நுட்பமும் வந்துவிட்டது. மைனஸ் 196 டிகிரியில் உறையவைக்கும்போது விந்தணுக்களில் பெரும்பகுதி சாகிறது என்பதால், மாடுகள் எல்லாம் ஒரே பருவத்தில் சினைப்படும் நியூஸிலாந்தில், உறையவைக்காத புதிய விந்தையே பிரித்துச் சில நாட்களுக்குள் செலுத்துகிறார்கள். அதே நாட்டில், பிறந்த சில நாட்களிலேயே வெட்டுக்கூடத்துக்குப் போகும் கன்றுகள் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். எங்கள் ஊரில் பட்டினி செய்வதை அங்கே லாரி செய்கிறது. அங்கும் இந்தத் தொழில்நுட்பத்துக்குச் சொல்லப்படும் நியாயங்களில் ஒன்று, வேண்டாத கன்றுகள் குறையும் என்பது.

நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "துன்பப்பட உயிரே இல்லையென்றால் துன்பமும் இல்லை. இதைவிடச் சுத்தமான அஹிம்சை ஏது?" என்றார். தர்க்கம் சரிதான். ஆனால் கருணை என்றால் அதைப் பெற்றுக்கொள்ள யாராவது இருக்க வேண்டும். பிறக்காத கன்று எதையும் பெறவில்லை. டெரக் பார்ஃபிட் 1984இல் வெளியான 'ரீஸன்ஸ் அண்ட் பெர்ஸன்ஸ்' நூலில் இதன் பக்கத்துக் கேள்வி ஒன்றை எழுப்பினார்: யார் உண்டாவது என்பதையே நிர்ணயிக்கும் ஒரு செயலால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை? கன்றின் விஷயத்தில் நன்மை பெற்றவர்கள் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாம்தான். கயிற்றில் கட்டிக் கிடந்து இரவெல்லாம் கத்தும் ஒன்றை நாம் இனிக் கேட்க வேண்டியதில்லை.

இதை நான் இவ்வளவு தூரம் நோண்டுவதற்கு வேறு காரணமும் உண்டு. மதுரைக்கு மேற்கே, பெண் சிசுக்களின் சாவுக்காக 1980களில் பத்திரிகைகளில் அடிபட்ட பகுதியில் பிறந்தவன் நான். கள்ளிப்பாலுக்குப் பிறகு ஸ்கேன் வந்தது. அப்போதும் சிலர் ஆசுவாசப்பட்டார்கள்: பிறந்ததைக் கொல்லும் பாவம் இல்லையே என்று. 1994ஆம் வருஷச் சட்டம், 2003 திருத்தத்துக்குப் பிறகு, கருத்தரிப்பதற்கு முன்பே ஆணா பெண்ணா என்று தேர்வதையும் மனிதர்களுக்குத் தடை செய்கிறது. விந்தணுவைப் பிரிப்பதில் எந்தச் சிசுவும் சாவதில்லை. பின் எதற்குத் தடை? அந்தத் தேர்வு, உயிரோடு இருக்கும் பெண்கள்மேல் சொல்லப்படும் தீர்ப்பு என்பதால். கள்ளிப்பால், ஸ்கேன், விந்தணு: ஒவ்வொரு படியிலும் கை சுத்தமாகிறது. தீர்ப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மனிதருக்குத் தடை செய்ததை மாட்டுக்கு அரசே மானியம் கொடுத்துச் செய்கிறது. இரண்டையும் சமமாக்க நான் துணியவில்லை. மூன்று மாடும் சொஸைட்டிப் பால் பணமுமாகக் குடும்பம் நடத்துகிறவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் யோக்யதையும், அந்தப் பாலில் வளர்ந்த எனக்கு இல்லை. என்னிடம் கேட்டிருந்தால் நானும் அந்தக் குச்சியைத்தான் சொல்லியிருப்பேன். பட்டினியில் சாகும் கன்றைவிடப் பிறக்காத கன்று மேல். ஆனால் இதற்குக் கருணை என்று பெயர் வைக்க மாட்டேன். காளைக் கன்றை எந்தக் கணக்கு வேண்டாம் என்றதோ, அதே கணக்குத்தான் கிடேரியை வேண்டும் என்கிறது. பால் வற்றியதும் அந்தக் கிடேரியைச் சந்தைக்கு ஓட்டப்போவதும் அந்தக் கணக்குத்தான். பழைய ஏற்பாட்டில் கணக்கின் கொடுமை கண்ணெதிரே நின்று கத்தியது. வீட்டில் யாராவது ஒருவர், பெரும்பாலும் குழந்தை, இரவில் எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டு அடி வாங்கியது. நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். சாட்சி இல்லாத தொழுவத்தில் அந்தக் குழந்தை எதற்காக எழுந்திருக்கும்?

இன்னொன்று. நூற்றில் மீதிப் பத்து இருக்கிறது. முன்பு காளைக் கன்று விழுந்தால் அதைத் துரதிருஷ்டம் என்றார்கள். துரதிருஷ்டத்தோடு கொஞ்சம் இரக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. இனி அப்படி விழும் கன்று துரதிருஷ்டமல்ல, பிழை. காசு கொடுத்து வாங்கிய உத்தரவாதம் பொய்த்ததன் அடையாளம். பிழையிடம் இரக்கம் காட்ட நமக்குப் பழக்கமில்லை.

பசு கார்த்திகையில் ஈனும். ஒருவேளை காளையாக இருந்தால் என்ன செய்வாய் என்று தம்பி மனைவியைக் கேட்டேன்.

"அதான் பொறக்காதுன்னு சொல்லிட்டாங்களே அத்தான்" என்றாள்.