ஆயுளுக்கு ஒரு மைதானம்

விருத்தாசலத்தில் கோல்ஃப் மைதானம் கிடையாது. பீங்கான் பொம்மையும் மின்சார இன்சுலேட்டரும் செய்கிற ஊர் இது. குரு இங்கே சூளை வேலை கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த விளையாட்டு சடுகுடு ஒன்றுதான். சீடன் அவரிடம் களிமண் படித்துவிட்டு, சென்னைக்கு வேலைக்குப் போய், அங்கே கோல்ஃப் பழகிக்கொண்டவன். ஆட்டம் தெரியாதவரிடம் ஆட்டத்தைப் பற்றிக் கேட்பது வீண் என்று நினைப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

சீடன்: ஐயா, கோல்ஃப் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு கேள்வி வரும். இனி ஆயுள் முழுக்க ஒரே ஒரு மைதானத்தில்தான் ஆடலாம் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பாய்? நானும் அதைப் பொழுதுபோக்காகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு கிளப்பில் உறுப்பினராகச் சேரலாம் என்று யோசிக்கிறேன். ஒன்றில் பணம் கட்டினால் இன்னொன்றுக்குக் கையில் மிச்சம் இருக்காது. பொழுதுபோக்குக் கேள்வி நிஜமாகிவிட்டது.

குரு: கிரிக்கெட் ஆடுகிறவன் எவனும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லையே.

சீடன்: கிரிக்கெட் பிட்ச் எங்கே போனாலும் 22 கஜம். சடுகுடுவுக்கும் அளவு உண்டு, டென்னிஸுக்கும் உண்டு. கோல்ஃபில் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்று விதி இருக்கிறது. அந்தக் குழிக்குப் போகிற வழிக்கு விதி இல்லை. நடுவில் ஓடை இருக்கலாம், குன்று இருக்கலாம். ஒரு சுற்றுக்கு 18 குழி என்பதே 1764-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 22-ஐக் குறைத்ததால் வந்த வழக்கம். எதிராளியோடு ஆடுவதைவிட நிலத்தோடு ஆடுவதுதான் அதிகம்.

குரு: அப்படியானால் கேள்வி நியாயமானது. உன் மனசில் எது?

சீடன்: முதலில் ஊட்டிதான் தோன்றியது. ஜிம்கானா கிளப் மைதானம், ஏழாயிரம் அடிக்கு மேலே. பனி விலகும்போது ஒவ்வொரு மேடாகத் தெரியும், ஓரத்தில் சோலைக்காடு. காற்று மெலிந்திருப்பதால் பந்து சமவெளியைவிடச் சற்றுத் தூரம் போகும். அப்புறம் கொடைக்கானல். 1895-ல் தொடங்கிய கிளப். காட்டெருமைகள் புல்லில் மேய்ந்துகொண்டிருக்கும். அவை நகரும்வரை நாம் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

குரு: பனி, சோலை, காட்டெருமை. இவற்றையெல்லாம் மட்டை இல்லாமலே போய்ப் பார்க்கலாமே. பந்து தூரம் போகும் என்றாய் பார், அது ஒன்றுதான் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு.

சீடன்: அழகு கணக்கில் வராதா?

குரு: வரும். இருபது வருஷம் கழித்து நீ பனியைப் பார்க்க மாட்டாய், வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்ப்பாய். பிறந்ததிலிருந்து ஊட்டியில் இருக்கிற யாரையாவது கேட்டுப் பார்.

சீடன்: அப்படியென்றால் கடினமான மைதானம். தோற்கடித்துக்கொண்டே இருந்தால் அலுக்காதே.

குரு: தினமும் தோற்கிறவனுக்கு அலுக்காது என்று யார் சொன்னது? அடுத்ததைச் சொல்.

சீடன்: ஆட்டத்தில் ஊறியவர்கள் பலர் ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள். அதே செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஓல்ட் கோர்ஸ். படத்தில் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். மரங்கள் சூழ்ந்த இடமல்ல. கடலோர மணல்மேட்டில் புல், மேடும் பள்ளமுமாக. நூற்றுக்கு மேல் மணற்பள்ளங்கள், பங்கர் என்போம். அவற்றில் பல, அடிக்கிற இடத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையைக் கிரீன் என்போம். 18 குழிகளில் 14 குழிகள் இரண்டிரண்டாக ஏழு பெரிய கிரீன்களைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. போகும்போது ஒரு குழி, திரும்பும்போது அதே கிரீனில் இன்னொன்று. இரண்டின் எண்ணையும் கூட்டினால் 18 வரும். இரண்டும் பதினாறும், மூன்றும் பதினைந்தும், இப்படியே.

குரு: கணக்குப் போட்டு அமைத்தார்களா?

சீடன்: இல்லை. ஆதியில் எந்தக் குழிகளுக்குப் போனார்களோ அதே குழிகளுக்கு ஆடியபடியே திரும்பினார்கள். கூட்டம் பெருகி, எதிரும் புதிருமாக மோதிக்கொண்டதும் கிரீன்களை அகலமாக்கி ஒவ்வொன்றிலும் இரண்டு குழி வெட்டினார்கள். கணக்கு தானாக அமைந்தது. ஒரு காலத்தில் மைதானத்தை வலஞ்சுற்றாகவும் இடஞ்சுற்றாகவும் மாற்றி மாற்றி ஆடியிருக்கிறார்கள்.

குரு: நம் பழமலைநாதர் கோயிலில் இடஞ்சுற்றாக வந்தால் குருக்கள் விரட்டுவார். சரி, நீ சொல்.

சீடன்: வழி ஒன்றாக இல்லை என்பதுதான் விசேஷம், ஐயா. புல்வெளி அகலம். இடப்பக்கம் தள்ளி அடித்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை; ஆனால் அங்கிருந்து அடுத்த அடி கஷ்டம். வலப்பக்கம் துணிந்து அடித்தவனுக்கு அடுத்தது சுலபம். காற்று கடலிலிருந்து திரும்பி வீசினால் காலையில் சரியாக இருந்த வழி மாலையில் தப்பு.

குரு: இப்போதுதான் மைதானத்தைப் பற்றிப் பேசுகிறாய்.

சீடன்: பாபி ஜோன்ஸ் என்று ஒரு அமெரிக்கர். 1921-ல் பத்தொன்பது வயதில் அங்கே பிரிட்டிஷ் ஓபன் போட்டிக்கு வந்தார். மூன்றாம் சுற்றில் பதினோராவது குழிக்குப் பக்கத்துப் பங்கரில் பந்து மாட்டிக்கொண்டது. எத்தனை அடித்தும் வெளியே வரவில்லை. ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டார். அந்த மைதானத்தையே அப்போது அவருக்குப் பிடிக்கவில்லை. 1927-ல் அதே இடத்தில் ஓபன் கோப்பையை வென்றார். 1930-ல் அங்கேயே அமெச்சூர் பட்டம். 1958-ல் அந்த ஊர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. அப்போது தண்டுவட நோயால் நடக்கவே சிரமப்பட்டார். வாழ்க்கையில் மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு இந்த ஊரில் கிடைத்ததை மட்டும் விட்டுவைத்தாலும் தனக்குப் போதும் என்கிற பொருளில் பேசினார்.

குரு: இந்தக் கதை நம் ஊரிலேயே இருக்கிறதே. சுந்தரர் இந்த வழியாக வந்தபோது, ஊரும் பழசு, சாமியும் பழசு, அம்மனும் பழசு, இங்கே பாட என்ன இருக்கிறது என்று நடையைக் கட்டினாராம். மணவாளநல்லூர்ப் பக்கம் முருகனான கொளஞ்சியப்பர் வேடனாக வந்து பொருளைப் பறித்துக்கொண்டு, வேண்டுமானால் முதுகுன்றத்துக்கு, அதாவது இந்த ஊருக்கு, வந்து வாங்கிக்கொள் என்றாராம். திரும்பி வந்து பாடினார்.

சீடன்: அவருக்குக் கொளஞ்சியப்பர், ஜோன்ஸுக்கு மணற்பள்ளம். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஐயா. பார்த்ததும் பிடித்தது நிலைக்காது, நிலைக்கப்போவது முதலில் பிடிக்காது என்றால் நான் இன்றைக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது? பிடிக்காத இடமாகத் தேடிப் போய்ப் பணம் கட்டுவதா?

குரு: பிடிக்காததெல்லாம் பின்னால் பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. மோசமான மைதானம், மோசமாகவே இருப்பது, உண்டுதானே?

சீடன்: உண்டு. நேராக அடி, மறுபடி நேராக அடி, குழியில் போடு. கொஞ்ச நாளில் தீர்ந்துபோகும்.

குரு: தீர்ந்துபோகும் என்றாயே, அங்கே நில். நம்முடைய மண் நெய்வேலிப் பக்கம் நிலக்கரிக்கு மேலே கிடப்பது. மண் ஒன்று, மேல்பூச்சு ஒன்று, சூடும் அதே 1,250 டிகிரி. ஆனாலும் விறகும் எண்ணெயும் போட்டு எரிக்கிற சூளையில் மேல்தட்டில் வைத்த பொம்மையும் கீழ்த்தட்டில் வைத்த பொம்மையும் ஒன்றுபோல வராது. தீ எந்தப் பக்கம் நழுவுகிறது, புகைபோக்கி இன்று எவ்வளவு இழுக்கிறது, மழைநாளில் என்ன ஆகிறது என்று படித்து முடிக்க என் பணிக்காலம் போதவில்லை. மின்சார உலையில் இந்தத் தொல்லை குறைவு. நல்ல உலைதான், சரக்கு ஒழுங்காக வரும். ஆனால் அதன் முன்னால் ஒருவன் ஆயுளைக் கழிக்க வேண்டியதில்லை. டைமரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

சீடன்: கவனிக்கத் தெரிந்தவனுக்கு எந்த நிலமும் தீராது என்று சொல்வீர்கள் என நினைத்தேன்.

குரு: சாமியார்கள் சொல்வார்கள். கவனத்துக்கும் தீனி வேண்டும். மொட்டைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் சுவர் ஆழமாகிவிடாது, கண்தான் வலிக்கும்.

சீடன்: அதாவது, கல்யாணம் மாதிரி...

குரு: கல்யாணத்தை இழுக்காதே, எல்லோரும் அதைத்தான் இழுக்கிறார்கள். மைதானம் உன்னைப் பற்றி அதன் அம்மாவிடம் புகார் சொல்லாது. வேறொன்று கேட்கிறேன். உனக்கு இப்போது நாற்பது இருக்குமா? எழுபது வயதில் அங்கே ஆடப்போகிறவன் யார்?

சீடன்: நான்தான்.

குரு: அவனைக் கேட்டாயா? நம் பெரியநாயகி கதை தெரியுமல்லவா. திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரத்துக்குப் போகிற வழியில் குருநமசிவாயர் இங்கே தங்கினார். பசி. அம்மனிடம் சோறு கேட்டுப் பாடினார். பாட்டில் அவளைக் கிழவி என்று வைத்துப் பாடிவிட்டார். கிழவி உருவத்திலேயே எதிரில் வந்து, கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும் என்று கேட்டாளாம். இளமையாகப் பாடினதும் இளமையாக வந்து அன்னம் படைத்தாள். கோயிலில் இன்றைக்கும் விருத்தாம்பிகை தனி, பாலாம்பிகை தனி. ஒரே ஆள்தான். சோறு கேட்பதற்கு எந்த வயதிடம் கேட்கிறோம் என்பது முக்கியம்.

சீடன்: மைதானத்துக்கும் இரண்டு வயது உண்டு, ஐயா. ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கிற டீ ஒன்றல்ல. வலு உள்ளவன் பின்னால் இருந்து அடிப்பான், வயதானவர்கள் நூறு கஜம் முன்னால் இருந்து அடிக்கலாம். ஆனால் முன்னால் வந்தும் பயனில்லாத மைதானங்கள் இருக்கின்றன; கிரீனுக்கு முன்னால் குளம் வெட்டி வைத்திருப்பார்கள், பந்தைப் பறக்கவிட்டே ஆக வேண்டும். ஓல்ட் கோர்ஸில் ஓடை குறுக்கிடும் முதல் குழியையும் கடைசிக் குழியையும் விட்டுவிட்டால், பெரும்பாலும் பந்தைத் தரையோடு உருட்டிக்கொண்டே போகலாம். கிழவனுக்கும் வழி விட்டிருக்கிறது. ஊட்டி, கொடைக்கானலில் கால்தான் முதலில் கைவிடும், எல்லாம் ஏற்ற இறக்கம்.

குரு: ஆக, உன் பதில் ஸ்காட்லாந்து. விமான டிக்கெட் யார் வாங்குவது?

சீடன்: பேசும்போது அது பதில். பணம் கட்டும்போது சென்னைதான். நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப் இருக்கிறது. கிண்டியில் ரேஸ் கோர்ஸுக்குள்ளேயே ஜிம்கானா கிளப்பின் மைதானம் இருந்தது. குதிரை ஓடுகிற பாதைக்கு உள்ளே பந்து ஓடியது. தட்டையான நிலம்தான், ஆனால் வீட்டிலிருந்து விடியற்காலையில் போய்விட்டு அலுவலகத்துக்கு வந்திருக்கலாம். அதைத்தான் நினைத்திருந்தேன். 2024 செப்டம்பரில் ரேஸ் கிளப்பின் குத்தகையை அரசு ரத்து செய்துவிட்டது. 160 ஏக்கர். 1945-ல் 99 வருஷத்துக்குக் கொடுத்த குத்தகை. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது.

குரு: நீ ஆயுளுக்கு என்கிறாய். குத்தகைக்காரனுக்கே நிலத்தில் ஆயுள் இல்லை.

சீடன்: செயின்ட் ஆண்ட்ரூஸிலும் நடந்திருக்கிறது. 1797-ல் கடனில் மூழ்கிய நகரசபை அந்த நிலத்தை முயல் வளர்க்கிறவர்களிடம் ஒப்படைத்தது. கிரீன் முழுக்க வளை. கோல்ஃப்காரர்களுக்கும் முயல்காரர்களுக்கும் பல வருஷம் வழக்கும் சண்டையும். 1821-ல் கோல்ஃப் ஆடும் நிலக்கிழார் ஒருவர் வாங்கிக் காப்பாற்றினார். இப்போது அது பொது மைதானம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதில் நடக்கிறார்கள்.

குரு: அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. கிண்டியில் உறுப்பினர் அல்லாதவன் யாராவது நடந்திருக்கிறானா?

சீடன்: கேடிகள் நடந்திருக்கிறார்கள். நம் பையைத் தூக்கிக்கொண்டு.

குரு: அவர்கள் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வார்கள்?

சீடன்: அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. அலி ஷேர் என்று ஒருவர். தில்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். இந்தியன் ஓபன் 1964-ல் தொடங்கியது. தொழில்முறை ஆட்டக்காரர்களில் அதை வென்ற முதல் இந்தியர் அவர்தான், 1991-ல். 1993-ல் மறுபடியும்.

குரு: அவர் தில்லியைத் தேர்ந்தெடுத்தாரா?

சீடன்: வேறு எங்கே போவார்? வேலை அங்கேதான்.

குரு: ஆனால் அந்தப் புல்லில் ஈரம் எப்போது காயும், எந்த மேடு பந்தை எந்தப் பக்கம் தள்ளும் என்பதெல்லாம் ஆயிரம் பேருடைய பந்தைத் தேடி நடந்து அவருக்குத் தெரிந்திருக்கும். உறுப்பினர் அட்டை வைத்திருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

சீடன்: இப்படிப் பேசினால் தேர்ந்தெடுப்பதே தேவையில்லை என்று ஆகிவிடும். வசதி இல்லாதவனின் நிலையை உயர்த்திப் பேசுவது சுலபம், ஐயா. அவருக்கும் தேர்ந்தெடுக்க வழி இருந்திருந்தால் தேர்ந்தெடுத்திருப்பார்.

குரு: நியாயம். அதை நான் பின்வாங்கிக்கொள்கிறேன். வழி இருக்கிறவன் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் போய்ச் சேர முடிகிற இடமா, இன்னும் தீராத இடமா, எழுபது வயதுக்காரனை உள்ளே விடுமா. இந்த மூன்றையும் பார்த்துப் பணத்தைக் கட்டு. அழகு நாலாவதாக வரட்டும்.

சீடன்: நீங்கள் இந்த ஊர்ச் சூளையை இப்படித்தான் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்களா?

குரு: நானா? வந்த புதிதிலேயே மாற்றல் கேட்டு விண்ணப்பம் போட்டேன். இங்கே வெயிலும் சூளையும் ஒன்றுதான் என்று தோன்றியது. பதில் வரவில்லை, மறுபடி எழுதினேன். அப்புறம் ஒரு பச்சை மேல்பூச்சு, செம்பு போட்டது, சூளையின் ஒரு மூலையில் மட்டும் சிவப்பாக மாறி வந்தது. காரணம் பிடிபடவில்லை. அதைக் கண்டுபிடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். மாற்றல் உத்தரவு வந்தபோது அடுத்த சூட்டுக்கு அடுக்கி வைத்திருந்தோம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சீடன்: காரணம் கிடைத்ததா?

குரு: அந்த மூலையில் காற்று போதாமல் புகை தங்கியது. ஒரு வருஷத்திலேயே கிடைத்துவிட்டது.

சீடன்: அதற்குப் பிறகும் இருந்தீர்களே?

குரு: அதற்குள் நீலத்தில் ஒரு கோளாறு வந்துவிட்டது.