யாருடைய நேரத்தில் வாசிப்பது?

சென்ற பருவத்தில் ஒரு நாள், வகுப்பில் ஒரு மாணவியிடம் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

இளங்கலைத் தமிழ் மூன்றாம் ஆண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை’ நாவலை வாசித்து வரச் சொல்லியிருந்தேன். இரண்டு வாரம் அவகாசம். வகுப்பில் கேட்டபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்களில் நான்கு பேர்தான் கை தூக்கினார்கள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து கதைச் சுருக்கம் சொன்னாள். செல்பேசியில் யாரோ பேசிய காணொளியின் வாக்கியங்கள் அவை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “மாசம் ஆயிரம் ரூபாய் யார் பேரில் வாங்குறீங்க? அந்த அம்மா எழுதினதை வாசிக்க மட்டும் நேரமில்லையா?” என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. புதுமைப்பெண் திட்டம் என்றே எல்லோரும் சொல்கிறோம். அதன் முழுப்பெயரில் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். அதற்கு முன்பு அதே பெயரில் இருந்தது திருமண உதவித் திட்டம். ஒரு பெண்ணின் தாலிக்கு என்று இருந்த உதவி அவள் படிப்புக்கு என்று மாறியது சிறிய மாற்றமல்ல. ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் புத்தகம் வாங்க உதவலாம். வாசிக்கும் நேரத்தை வாங்கித் தராது. இது எனக்கு அன்று தோன்றவில்லை.

வகுப்பு முடிந்ததும் அந்த மாணவி துறைக்கு வந்தாள். அழவில்லை. “அம்மா, ஒரு நாள் கணக்குச் சொல்லட்டுமா?” என்று கேட்டாள். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிப்பது. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குக் கிளம்பும் முன் சோறு வடித்தாக வேண்டும். பிறகு இரண்டு பேருந்து மாறிக் கல்லூரி. சாயங்காலம் வந்ததும் பாத்திரம், துணி, தம்பிக்கு வீட்டுப்பாடம். சனி, ஞாயிறுகளில் கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. “ராத்திரி பத்து மணிக்குப் புஸ்தகத்தைத் திறப்பேன். ‘பரீட்சையா நடக்கு? லைட்ட அமத்து’ன்னு அப்பா சொல்வாகம்மா. பஸ்ல வாசிக்கலாம்னா நிக்கவே எடமிருக்காது.”

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவள் போன பிறகும் கேள்வி போகவில்லை. இலக்கியம் படிக்க வந்த ஒருத்தி பாடநூலை வாசிக்காமல் வருவது தவறா? தவறென்றால், யாருடைய தவறு?

இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சில எண்களைத் தருகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அப்படி ஈடுபடுகிறவர்களே பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடுதான். ஒரே வகுப்பில், ஒரே பாடத்திட்டத்தை, ஒரே தேதிக்குள் முடிக்கச் சொல்கிறோம். கொடுக்கப்பட்ட நேரம் ஒன்றல்ல. என் வகுப்பில் உப்பளத்திலும் சுமை தூக்கும் வேலையிலும் ராத்திரிகளைக் கழிக்கிற பையன்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்கவில்லை. அவர்களுக்கும் வாசிப்பு கைக்கெட்டாததுதான். ஆனால் வேலையில்லாத ஒரு பையனின் மாலை அவனுடையது. வேலையில்லாத ஒரு பெண்ணின் மாலை என்று ஒன்று எங்கள் ஊர்ப் பக்கத்தில் இல்லை.

செய்ய முடியாததைச் செய்யவில்லை என்று ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது. அறம் பேசுகிற யாரும் இதை ஒப்புக்கொள்வார்கள். அப்படியானால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? “பாவம், பிள்ளைகள்” என்று சொல்லிப் பத்துப் பக்கக் குறிப்பைக் கையில் கொடுத்துவிடலாம். பலரும் அதைத்தான் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். அது இரக்கம் போலத் தோன்றும். ஆனால் ‘பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு போதும்’ என்று வீடு சொன்னதைத்தான் அந்தக் குறிப்பு வேறு குரலில் சொல்கிறது.

குறிப்பில் என்ன இருக்கும் என்று பாருங்கள். சிலப்பதிகாரம் என்றால் ‘கற்பின் சிறப்பு’ என்று ஒரு தலைப்பு, அதன்கீழ் ஐந்து வரி. மாணவி அதை எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவாள். வழக்குரை காதையைத் தானே வாசித்தவளுக்குக் கிடைப்பது வேறு. அரசவையில் கண்ணகி ஒரு வழக்கை நடத்துகிறாள். தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று சான்றை முன்வைக்கிறாள். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் சொல்கிறான். சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். அந்த முத்து விளைந்த கொற்கை இன்று எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அரசனின் தீர்ப்பைச் சான்றால் தோற்கடித்த பெண்ணை, கணவனுக்காகக் கோபப்பட்ட பத்தினி என்று மட்டும் தெரிந்துகொண்டு போகிறவள் ஒரு பெரிய உடைமையை இழக்கிறாள். இழந்தது அவளுக்கே தெரியாது. குறிப்பை எழுதியவரின் கருத்துதான் தன் கருத்து என்று கடைசிவரை நம்பியிருப்பாள்.

அதனால் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்கிறேன். வாசிக்காமல் வந்தது குற்றமல்ல. ஆனால் அது இழப்பு. குற்றமில்லை என்று சொல்லும்போதே இழப்பும் இல்லை என்று சொல்லிவிடுகிறோம். அங்கேதான் தவறு நடக்கிறது.

நான் வசிப்பது எட்டயபுரத்தில். பாரதி பிறந்த வீட்டையும் மணிமண்டபத்தையும் பார்க்க மாணவர்களை ஆண்டுதோறும் அழைத்துப் போவேன். காசியிலிருந்து திரும்பிய பின், 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியராகப் போகும்வரை, பாரதி இங்கே அரண்மனையில் வேலை பார்த்தார். ஜமீன்தாருக்குப் பத்திரிகைகளும் நூல்களும் வாசித்துக் காட்டுவது அந்த வேலையின் ஒரு பகுதி. ஆங்கிலக் கவி ஷெல்லியின் மேல் இருந்த பற்றால் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் அவர். வாசிப்பு அவருக்குக் கூலியுள்ள வேலையாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. அரண்மனை அவருக்குப் பிடித்த இடமல்ல என்பது வேறு கதை.

அவர் வாசித்த அந்த நாள்களில் செல்லம்மாளின் பொழுது எப்படிப் போயிருக்கும்? 1897இல் திருமணம் நடந்தபோது செல்லம்மாளுக்கு ஏழு வயது. பின்னாளில் 1941இல் அவர் பெயரில் பாரதியின் வரலாறு வெளிவந்தது. இரவல் வாங்கி வந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த கதையை மாணவர்கள் எல்லோரும் அறிவார்கள். கவிஞரின் பெரிய மனசுக்குச் சாட்சியாகவே அதைச் சொல்லுவார்கள். அன்று மறுபடியும் அரிசிக்கு அலைந்தது யார் என்று ஒரு மாணவி பிறந்த வீட்டின் முற்றத்தில் நின்று கேட்டாள். பாரதியைக் குறைத்துப் பேச அவள் கேட்கவில்லை. கணக்கைச் சரியாக எழுதக் கேட்டாள்.

என் கணக்கையும் எழுத வேண்டும். “நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம்” என்று சொல்லுகிற தலைமுறையில் எனக்கும் இடமுண்டு. விளக்கைப் பற்றிப் பேசும் நாங்கள், அந்த நேரத்தில் அடுப்படியில் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. நான் முனைவர் பட்டத்துக்குச் சங்கப் பாடல்களை வாசித்துக்கொண்டிருந்த வருஷங்களில் அம்மாதான் சமைத்தாள், என் குழந்தையைக் குளிப்பாட்டினாள், மீதி நேரத்தில் தீப்பெட்டி ஒட்டினாள். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஔவையாரையும் வெள்ளிவீதியாரையும் நான் வாசித்தது அவளுடைய நேரத்தில். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவளுக்கு ஒரு வரி எழுதினேன். ஒரு பெண் வாசிக்க இன்னொரு பெண்ணின் பொழுது செலவாக வேண்டும் என்றால், அதை விடுதலை என்று நான் எப்படி மாணவிகளிடம் சொல்வேன்?

எனக்குத் தெரிந்த வழி சிறியது. வாரத்தில் இரண்டு பாடவேளைகளை வாசிப்பதற்கே ஒதுக்கினேன். விளக்கம் கிடையாது. ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு மௌனமாக வாசிப்பார்கள். வாசிப்பும் வேலைதான், வேலை நேரத்துக்குள்தான் அது நடக்க வேண்டும் என்பது என் நியாயம். இதில் நஷ்டமும் உண்டு. பாடத்திட்டத்தில் ஒரு பகுதி பின்தங்கியது. அதைக் குறிப்பு கொடுத்துத்தான் முடித்தேன். ‘வகுப்பில் கதை வாசிக்கிறார்கள்’ என்ற பேச்சும் வந்தது. பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகளுக்கு வீட்டில் தினம் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டேன். சில தகப்பன்மார் தலையாட்டினார்கள். ஓர் அம்மா மட்டும், “நான் அந்த வேலையப் பாத்துக்கிடுதேன் டீச்சர்” என்றார். அந்தப் பதில் எனக்குச் சந்தோஷமாக இல்லை. நான் கேட்ட ஒரு மணி நேரத்தை மறுபடியும் ஒரு பெண்தான் தந்தாள். தம்பிகளிடமும் அப்பாக்களிடமும் கேட்கும்படி அதை மாற்றிக் கேட்க இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அந்த மாணவி ‘தாசிகள் மோசவலை’யைப் பருவத் தேர்வு முடிந்து, மதிப்பெண்ணுக்குப் பயனில்லாத ஒரு நாளில் வாசித்து முடித்தாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, நான் வகுப்பில் சொன்ன ஒரு விளக்கம் சரியில்லை என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நாங்கள் அரைமணி நேரம் வாதாடினோம். முடிவாகவில்லை. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். அந்தப் பக்கத்தை அன்றிரவு நான் மறுபடி வாசித்தேன்.