அடுப்பில் சோறு

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளி விட்டு வந்தால் வீடு திறந்து கிடக்கிறது. அடுப்பில் சோறு கொதிக்கிறது. 'அம்மா'ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன், பதிலில்லை. இரகசிய வருகை வந்துடுச்சு, அம்மா போயிட்டாங்க, நான் மட்டும் கைவிடப்பட்டுட்டேன்னு நினைச்சு அப்படியே உட்கார்ந்து அழுதேன். பெந்தெகொஸ்தே வீடுகளில் வளர்ந்த பலருக்கும் இந்தப் பயம் தெரிந்திருக்கும்.

அம்மா பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். காய்ச்சலில் கிடந்த அக்காவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுச் சுவரில் மாரியம்மன் படம்.

ஆயத்தமாக இருப்பது என்றால் என்ன? 1844 அக்டோபர் 22 அன்று இயேசு வருவார் என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் நம்பினார்கள். சிலர் வயலில் விளைந்ததை அறுக்காமலே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த நாளும் கடந்துபோனது.

மத்தேயு 25-இல் பத்துக் கன்னிகைகள் கதை வருகிறது. புத்தியுள்ள ஐந்து பேர் எண்ணெயைப் பகிர மறுக்கிறார்கள். சின்ன வயதில் அது உறுத்தவில்லை, இப்போது உறுத்துகிறது. என் விளக்கு அணையக்கூடாது என்பது மட்டும்தான் ஆயத்தமா? அது வெறும் பயம் இல்லையா?

ஆனால் அதிகாரம் அங்கே முடியவில்லை. கடைசியில் ராஜா விசாரிப்பது பசித்தவர்களையும் நோயாளிகளையும் பற்றித்தான். நல்லது செய்தவர்களுக்கோ, அதை அவருக்கே செய்தோம் என்பது தெரியவே இல்லை. பகிர முடியாத அந்த எண்ணெய், இப்படி வாழ்ந்த வாழ்க்கையாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

அன்று அழுதுகொண்டே ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "சோறு பொங்குமேடா, அடுப்பைத் தணிச்சியா?"