வினைப்பொறுப்பும் பொய்க்குரவரும்

ஒருவன் பிறனொருவனால் வஞ்சிக்கப்பட்டுத் தகாதன செய்தவழி, அச்செயலின் பொறுப்பு வஞ்சித்தான்பாலதோ, செய்தான்பாலதோ என்னும் வினா சைவ நூலோர்க்குப் புதியதன்று. உயிரின் இச்சை ஞானக் கிரியைகளுக்கும் மலத்துக்கும் உள்ள தொடர்பு ஆராயப்படும் இடமெல்லாம் இது உள்ளுறையாய் நிற்கின்றது. ஆயினும் இந்நாளில் இதனை மீளவும் எடுத்து ஆராய்தல் வேண்டியதாயிற்று. என்னை? கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு முதலிய நம் கொங்கு நகரங்களில், மண்டபங்களிலும் விடுதிகளிலும், ‘தன்முன்னேற்றப் பயிற்சி’ என்ற பெயரால் கட்டணம் பெற்று நடத்தப்பெறும் வகுப்புக்கள் பெருகியுள்ளன. அவற்றுட் பல தீங்கற்றன. சில பயனும் தருவன. வணிகத்தில் நட்டமுற்றோனும், மணவாழ்விற் கசப்புற்றோளும், தேர்வில் தோற்ற இளைஞனும் அங்கே செல்கின்றனர். ஆங்கு முதற்கண் கற்பிக்கப்படும் பாடம் பெரும்பாலும் ஒன்றே: உன் வாழ்வில் நிகழ்வன யாவற்றிற்கும் நீயே காரணன் என்பது. இது நம் வினைக்கொள்கை போலத் தோன்றும். கற்றோர் சிலரும் ‘இது நம் சித்தாந்தமேயன்றோ’ என்று மகிழக் கேட்டிருக்கின்றேன். அன்று என்பதைக் காட்டவே இதனை எழுதலுற்றேன்.

இக்கொள்கை தீயோர் கையிற் பட்டு முற்றினால் என்னாகும் என்பதற்கு அமெரிக்க நாட்டு நிகழ்ச்சியொன்று சான்றாகும். நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரை அடுத்து, கீத் ரனியேரி என்பவனும் நான்சி சால்ஸ்மன் என்னும் மாதும் 1998-இல் ஒரு பயிற்சிக் கழகம் தொடங்கினர். நெக்ஸியம் என்பது பின்னர் அதற்கு வழங்கிய பெயர். தொழில் நடத்துவோரும் நடிகரும் பெருஞ்செல்வர் மக்களும் அதிற் சேர்ந்தனர். படிநிலைக்கேற்ப நிறம் வேறுபட்ட கழுத்துப்பட்டை அணிந்தனர். அதன் உள்ளே மகளிர்க்கென மறைவாக அமைந்த ஒரு குழுவில், தம் மானத்தைக் கெடுக்கவல்ல கடிதங்களையும் படங்களையும் பிணையாகக் கொடுத்தே ஒருத்தி மற்றொருத்திக்கு அடிமை பூண்டாள். சிலருடைய உடலிற் சூட்டுக்குறியும் இடப்பட்டது. 2017-இல் செய்தி வெளியாயிற்று. 2019-இல் ரனியேரி குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டான். 2020 அக்டோபரில் அவனுக்கு 120 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவ்வாண்டே ‘தி வவ்’, அஃதாவது சூளுறவு, என்னும் ஆவணப்படம் ஒன்பது பகுதிகளாக வெளிவந்தது. 2022-இல் அதன் தொடர்ச்சியும் வந்தது.

இளைஞர் சிலர் வற்புறுத்த யான் இப்படத்தைக் கண்டேன். மறைவாக எடுத்த காட்சிகள் என்று எண்ணியிருந்தேன். அவற்றுட் பெரும்பங்கு அக்கழகத்தார் தம் பெருமைக்காகத் தாமே எடுத்து வைத்தவை. அதிற் காணப்படுவோர் அறிவிலிகளல்லர். நல்லோராக வேண்டும் என்னும் விருப்பத்தோடு போனவர்களே. அவர்களைக் கட்டிய கயிறு யாதெனில், மேற்கூறிய அதே பாடம். பிறரால் துன்புறுத்தப்பட்டார் என்று உலகில் ஒருவருமிலர். துன்புற்றதாக எண்ணுதல் உன் குறையே என்று ஆங்குக் கற்பித்தனர். ஆகவே, ஒருத்தி ‘எனக்குத் தீங்கு செய்தீர்’ என்பாளாயின், அத்தீங்கு ஆராயப்படுவதில்லை. அவள் வருத்தமே அவள் குற்றமாக ஆராயப்படும். முறையிடும் வாயையே அடைத்துவிட்ட பின்னர் வேறு பூட்டு எதற்கு?

இனிச் சித்தாந்தம் இதற்கு என்ன கூறும் என்று பார்ப்போம். உயிர் தற்சுதந்திரம் உடையதன்று. தனித்து நில்லாது சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு. கண் காணும் ஆற்றலுடையதாயினும் ஒளியின்றிக் காணாதவாறு போல, உயிர் அறியும் இயல்புடையதாயினும் அறிவிப்பதின்றி அறியாது. அங்ஙனமாக, ‘யாவற்றிற்கும் யானே காரணன்’ என்று ஒருவனைச் சொல்லுவித்தல் அவனைப் பொறுப்புடையவனாக்குதல் அன்று. அது ஆணவத்துக்கு உணவிடுதலேயாம். வென்ற நாளில் அவ்வுரை செருக்காகும். தோற்ற நாளில் அதுவே தன்னைத்தான் இகழும் நோயாகும். இரண்டு நாளும் அவன் அகப்பட்டிருப்பது யான் எனது என்னும் ஒரே வளையுள்.

அற்றேல், துன்பம் வருவது நுகர்வினையால் என்று நீவிரும் கூறுகின்றீரன்றோ எனின், கூறுகின்றோம். ஆயினும் அவ்வினை சடம். தானே வந்து பொருந்தாது. உயிரும் தன் வினைப்பயனைத் தானே தேர்ந்தெடுத்து நுகரமாட்டாது. இரண்டையும் கூட்டுவிப்போன் இறைவன் ஒருவனே. அக்கூட்டும் தொழில் எந்த மனிதனுக்கும் ஒப்புவிக்கப்பட்டதில்லை. ‘உன் வினையைக் கழிக்கவே உன்னை வருத்துகின்றேன்’ என்று சொல்லும் குரு, சிவபெருமானுடைய தொழிலைத் தன்னதாகக் கவர்ந்தவன் ஆகின்றான். மேலும், ஒரு செயலே பட்டவனுக்கு நுகர்வினையும் செய்தவனுக்கு ஏறுவினையும் ஆம். முன்னதைக் காட்டிப் பின்னதை மறைத்தல், கடன் கொடுத்தவன் ஏட்டை மட்டும் காட்டி வாங்கினவன் ஏட்டைக் கிழித்தெறிவதை ஒக்கும்.

ஈண்டு நம்மவர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். இத்தகைய கூட்டங்களிற் பொருளும் ஆண்டுகளும் இழந்து வீடு திரும்பிய மகனையோ மகளையோ பார்த்து, ‘அது உன் வினை’ என்று சொல்லிக் கடமை முடிந்ததாக எண்ணும் சுற்றத்தார் நம் ஊர்களிற் குறைவல்லர். ரனியேரி சொன்னதும் அதுவே. சொல் வேறு, தொழில் ஒன்று.

அங்ஙனமாயின், வஞ்சிக்கப்பட்டோர்க்குக் குற்றமே இல்லையோ? அவ்வாறும் அன்று. சார்ந்ததன் வண்ணமாதலுக்குப் பளிங்கை உவமை கூறுவர். அது ஒருபுடை உவமை. பளிங்குக்குத் தன் அருகிலுள்ள பூவை விட்டு நீங்கும் இச்சையில்லை, உயிர்க்கு உண்டு. மயக்கம் எத்துணை அடர்ந்ததாயினும் அவ்விச்சை முற்றும் அவிவதில்லை. நான்சி என்பாளின் மகள் லாரன் சால்ஸ்மன், வேறொரு பெண்ணை ஏறத்தாழ இரண்டாண்டு ஓரறையில் ஒடுங்கியிருக்கச் செய்வதற்குத் துணை நின்றவள். தானும் ரனியேரிக்கு அடிமைப்பட்டு நொந்தவளே. 2019-இல் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்றேறி அவனுக்கெதிராகச் சான்று பகர்ந்தாள். 2021-இல் அவளுக்குச் சிறையின்றி ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், அவள் தாய்க்கு மூன்றரையாண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. மனிதர் நடத்தும் மன்றம் இதனினும் நுட்பமாக அளத்தல் அரிது என்றே கருதுகின்றேன். குற்றமில்லை என்றும் அம்மன்றம் சொல்லவில்லை. ரனியேரியின் குற்றத்தை அவள்மேல் ஏற்றவும் இல்லை.

இதற்கு மறுதலை, 2018-இல் வெளிவந்த ‘வைல்ட் வைல்ட் கன்ட்ரி’ என்னும் படத்திற் காணப்படுகின்றது. இரஜனீசர் கூட்டத்தார் 1981-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நகரமொன்று அமைத்தனர். 1984-இல் அவருட் சிலர் அண்மையூர் உணவு விடுதிகளிற் கிருமி கலந்தமையால் 751 பேர் நோயுற்றனர்; மாவட்டத் தேர்தலைத் தமக்கு வாய்ப்பாகத் திருப்புதலே நோக்கம். மறு ஆண்டு குரு, ‘யான் ஒன்றும் அறியேன், எல்லாம் ஷீலாவின் செயல்’ என்றார். 1986-இற் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைசென்று மீண்ட ஷீலாவோ, முதுமையிலும் அப்படத்திற் கழிவிரக்கம் காட்டாது பேசுகின்றார். குருவின் பொறுப்புச் சீடரிடத்தும், சீடரின் பொறுப்புக் குருவிடத்தும் தள்ளப்பட்டன. நோயுற்ற ஊரார்தாம் நடுவில் நின்றனர்.

இவற்றைக் கொண்டு, குருவைச் சார்ந்து வீடு துறந்தார் யாவரும் மயக்குண்டாரே என்று துணியலாமோ எனின், துணியலாகாது. நம் வெள்ளியங்கிரி அடிவாரத்து ஈஷா யோக மையத்திலுள்ள தம் புதல்வியர் இருவரைக் குறித்துத் தந்தையார் ஒருவர் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கு, உச்சநீதிமன்றத்தால் 2024 அக்டோபர் 18-ஆம் நாள் முடித்துவைக்கப்பட்டது. இருவரும் அகவை நிரம்பியோர். தம் விருப்பத்தாலேயே அங்கு உறைவதாகக் கூறினர் என்பது காரணம். அம்மையத்தை மேற்கூறிய கூட்டங்களோடு ஒருங்கு வைத்து இதனைக் கூறினேன் அல்லேன். பெற்றோர் துயரம் உண்மையே. ஆயினும் துயரம் ஒன்றே மயக்கத்துக்குச் சான்றாகாது என்பதற்கே கூறினேன். மணப்பந்தரினின்று சுந்தரரை ஓர் முதிய அந்தணர் அழைத்துச் சென்றபோது, பெண் வீட்டார் என்ன நினைத்திருப்பர்? மன்றம் வினவத்தக்கது ‘விருப்பம் உண்டோ’ என்பது வரையே. அவ்விருப்பம் எவ்வாறு வளர்ந்தது என்பதை நூல்வழியே தான் ஆராய்தல் வேண்டும்.

அதற்கு நம் சந்தான குரவர் வரலாறே அளவுகோலாம். சகலாகம பண்டிதர் எனப்பட்ட அருணந்தி சிவாசாரியர், ஆணவ மலத்தின் இயல்பு யாதென வினவி, அகவையில் மிக இளையவரான மெய்கண்டார் முன் தம் செருக்கொழிந்து வீழ்ந்து அடிமையானார். புறத்தே நின்று காண்பார்க்கு இதுவும் மயக்கம் போலவே தோன்றும். ஆனால் அடிமையான பின் அவர் செய்தது யாது? இருபா இருபது இயற்றினார். அது குருவை நோக்கித் தொடுத்த வினாக்களால் நிரம்பியது. சிவஞான சித்தியாரை இயற்றினார். அதன் பரபக்கத்திற் பிற சமயங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர்தம் கொள்கையை முதலில் நிறுத்தி, பின்னரே மறுத்தார். சரணடைந்தபின் அவருடைய ஆராய்ச்சி பெருகிற்றேயன்றிச் சுருங்கவில்லை. நெக்ஸியத்தார் படத்தில், படி ஏற ஏற வினாக்கள் குறைந்து போதலைக் காணலாம். மேற்படியோர் முகத்தில் அமைதி இருந்தது. அவர் நாவில் ஐயம் ஒன்றேனும் இருந்ததாகக் காணவில்லை.

குருவை வினவுதல் ஒருபுறம் இருக்க, இறைவனையே வினவியவர் நம் நாட்டில் உளர். அதுவும் இக்கொங்கு மண்ணில். சேரமான் பெருமாள் தந்த பொருளோடு சுந்தரர் மீண்டு வருகையில், அவினாசியை அடுத்த திருமுருகன்பூண்டியில், சிவபூதங்கள் வேடுவராய் வந்து அப்பொருளைக் கவர்ந்தன. ‘இது என் வினை, யானே தேடிக்கொண்டது’ என்று அவர் வாளா போகவில்லை. திருக்கோயிலுட் புகுந்து, வழிப்பறி நிகழும் இவ்விடத்தில் நீர் எதற்காக எழுந்தருளியிருக்கின்றீர் என்று இறைவனையே கேட்டுப் பாடினார். பொருளும் மீண்டது. அப்பதிகத்தை ஒருவரும் மறைக்கவில்லை; ஏழாம் திருமுறையில் வைத்து இன்றும் ஓதுவார்கள் பாடுகின்றனர்.