பெயர் பெறாத மரணங்கள்

ஒருவர் மறைந்தால் "ஹயாத்து முடிந்தது" என்கிறோம். நம்பிக்கையின் சொல்லாக அது சரியே. ஆயின் அதைச் சொல்லி முடித்தபின், அவர் எதனால் இறந்தார் என்று கேட்பது வீண் ஆராய்ச்சியா, இருப்போருக்கு நாம் ஆற்றும் கடமையா?

நுரையீரல் இரத்த மிகை அழுத்தம் என்றொரு நோய் உண்டு. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் அழுத்தம் ஏறுகிறது. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் சோர்ந்துவிடுகிறது. படியேறினால் மூச்சிரைப்பு, காலில் வீக்கம், சில வேளை மயக்கம். கையில் பட்டை கட்டி அளக்கும் கருவிக்கு இது அகப்படாது. எக்கோ பரிசோதனை வேண்டும். ஆகவே "வயதாகிவிட்டது", "இரத்தம் குறைவு", "ஆஸ்துமா" என்னும் பெயர்களுக்குள் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கிறது.

அமெரிக்காவில் 2001 முதல் 2010 வரையிலான மரணச் சான்றுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். இந்நோயால் மாள்வோர் விகிதம் பெண்களிடமும் கறுப்பினத்தவரிடமும் மிகுதியென்று புலனாயிற்று. ஏற்றத்தாழ்வைக் காட்டிக்கொடுக்க அவர்களிடம் ஓர் ஏடாவது இருந்தது. நம் நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இலேயே வந்தது; எனினும் 2020-இல் பதிவான மரணங்களுள் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 100-க்கு 23-க்கும் குறைவு. எழுதியவற்றிலும் "இதயம் நின்றது" என்று முடித்துவிடுவது உண்டு. இதயம் நிற்காமல் யார்தான் இறக்கிறார்கள்!

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் ஏற்றும் சுடர் பல கல் தொலைவுக்குத் தெரியும். அதே மாவட்டத்து ஜவ்வாது மலைக் குடிசையில், விறகடுப்பின் முன் குனிந்திருக்கும் பெண்ணின் நெருப்பு எவர் கண்ணில் படுகிறது? அப்புகை ஆண்டுக்கணக்கில் நுரையீரலைக் கெடுத்தால் தமனியின் அழுத்தமும் ஏறக்கூடும். இளவயதில் தொண்டைப் புண்ணைத் தொடரும் வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டாலும் இதே கதிதான். அக்காய்ச்சல் மீளாதிருக்க மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை பெனிசிலின் ஊசி போடுவார்கள். ஊசி மலிவு, அதற்காக மலையிறங்கி வருபவள் இழக்கும் ஒரு நாள் கூலி மலிவன்று. தவணையை நிர்ணயிப்பவன் இறைவன் என்பதால், இந்தக் கூலிக் கணக்கையும் அவன்மேல் சுமத்திவிடுவது பக்தியாகாது, சோம்பல் என்பேன்.

2023-இல் திருத்திய சட்டப்படி, மருத்துவமனையில் இறப்பவரின் மரணக் காரணச் சான்றில் ஒரு படி நெருங்கிய உறவினருக்கும் தரப்படவேண்டும். ஜனாஸா வேலைகளின் அவசரத்தில் அத்தாளைக் கேட்டு வாங்குவோர் எத்தனை பேர்? இந்நோயில் ஒரு வகை குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. தாயின் தாளைப் படித்த மருத்துவர், மகளின் மூச்சிரைப்பை வேறு கண்ணோடு நோக்கக்கூடும்.