அச்சும் அருளும்

அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மை வார்த்தார். நல்லூரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் போவார். திரும்பும்போது முழங்கைவரை வெள்ளை மண் காய்ந்திருக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் பால்போலக் கரைத்த மண்ணை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்க, ஓரமெல்லாம் மண் படிந்து இறுகும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டுப் பொறுத்திருந்து பிரித்தால், உள்ளே பிள்ளையார்.

பழமலைநாதர் கோயிலில் 28 ஆகமங்களுக்குமான 28 லிங்கங்களையும் கும்பிட்டு வந்து உட்கார்ந்த ஒரு மாலையில் அப்பா கேட்டார்: “சூளை ஏறுன பொம்மைக்கு அப்புறம் நான் யாரோ. நம்மளப் பண்ணுனவனுக்கும் நாம அப்படித்தானாம்மா?” அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்று கல்லூரியில் பைத்தான் நிரல்மொழி கற்றுத்தருகிறேன். பல வருஷம் அப்பாவின் தொழிலையே உதாரணமாகச் சொன்னேன்: கிளாஸ் என்பது அச்சு, ஆப்ஜெக்ட் என்பது பொம்மை. ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, “வார்த்த பிறகு அச்சை மாற்றினால் பொம்மையும் மாறுமா, மிஸ்?” என்றாள். பொம்மை மாறாது. பைத்தானில் ஆப்ஜெக்ட் மாறும். என் உதாரணம் அங்கே உடைந்தது. அப்பாவின் கேள்வி திரும்பி வந்தது.

கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற இணை 1960களில் நார்வேயில் சிமுலா மொழியில் உருவானது. 1970களில் ஆலன் கேயும் தோழர்களும் ஸ்மால்டாக் மொழியில் எல்லாவற்றையுமே ஆப்ஜெக்ட் ஆக்கினார்கள். ஆம்ஸ்டர்டாமில் கைடோ வான் ராசம் 1989 டிசம்பரில் எழுதத் தொடங்கி 1991இல் வெளியிட்ட பைத்தானிலும் எண், சொல், செயல்கூறு, ஏன், கிளாஸ்கூட ஆப்ஜெக்ட்தான். ஒரு ஆப்ஜெக்டிடம் ஒரு குணத்தைக் கேட்டால் அது பொதுவாக முதலில் தன்னிடம் தேடும். இல்லையென்றால் தன் கிளாஸிடம், அங்கும் இல்லையென்றால் அதன் முன்னோரிடம். ஒவ்வொரு முறையும், கேட்கும் அந்தக் கணத்தில்தான் இந்தத் தேடல். அதனால் ஆயிரம் ஆப்ஜெக்டுகள் பிறந்த பிறகு கிளாஸுக்கு ஒரு புது வித்தையைக் கற்றுக்கொடுத்தாலும் ஆயிரமும் உடனே அதைச் செய்யும். தனக்கென்று ஒன்றை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட் மட்டும் தன் வழியில் போகும். அந்தச் சுதந்திரமும் உண்டு.

அப்பாவின் கேள்வி எங்கள் பக்கத்துக்குப் பழையதுதான். எங்கள் ஊருக்கு வடக்கே இன்னொரு நல்லூர் இருக்கிறது, திருவெண்ணெய்நல்லூர். அங்கே 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார் 12 சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்தார். அந்த நூல் சொல்லும் சைவ சித்தாந்தம் குடத்தை வைத்துத்தான் உலகத்தை விளக்கும்: மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். ஆனால் குயவனோடு அது நின்றுவிடவில்லை. குடம் ஆனதும் குயவன் போய்விடலாம். இறைவன் உயிர்களோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கிறான் என்றது. முன்பெல்லாம் இந்த “உடனாய்” எனக்கு வெறும் வார்த்தையாகத்தான் இருந்தது. கேட்கும்போதெல்லாம் பதில் வந்து சேரும் அந்தத் தேடலைப் பார்த்த பிறகு, பிரியாமல் நிற்பது என்றால் என்ன என்று ஓரளவு புரிந்தது.

ஆனால் அங்கேயும் ஒரு குறை. ஆப்ஜெக்ட்தான் கிளாஸைத் தேடிப் போகிறது. எந்த ஆப்ஜெக்டுக்கு என்ன குறை என்று கிளாஸ் தானாக வந்து பார்ப்பதில்லை. அது எல்லோருக்கும் பொதுவான நியதி. அருள் வேறு.

அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் ஒவ்வொரு பொம்மையிலும் ஒரு கோடு விழும். அச்சு தேயத் தேயப் பிள்ளையாரின் கண்ணும் மழுங்கும். அப்பா ஒவ்வொன்றையும் கையில் ஏந்தி, கத்தியால் பிசிறு சீவி, ஈரப் பஞ்சால் கோட்டைத் துடைத்து, கண்ணைத் திறந்துவிடுவார். ஒரு பொம்மைக்குச் செய்தது அடுத்த பொம்மைக்குப் போதாது. சூளைக்குப் போகும்வரை அப்படித் தொட்டுக்கொண்டே இருந்தவர்தான், பொம்மைக்குத் தான் யாரோ என்று கேட்டார்.

அப்பா இப்போது இல்லை. பதில் அவர் விரல்களிலேயே இருந்தது என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.